புலிக்கல்மெட்டின் ஒற்றைப்பாலம்

சுருளிவேலின் லாரியை மலை உச்சியில் நிறுத்தி வைத்திருந்தது போலீசும் இல்லை, பழுதும் இல்லை. நானூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

புயல்கள் செல்போன் கோபுரங்களைச் சாய்க்கச் சாய்க்க, மறுபடி நட்டு நட்டு அரசாங்கத்துக்கே அலுத்துப்போனது. ஓடுகிற வண்டிகளையே கோபுரமாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கூரையிலும் ஒரு நாடோடித் திசைவி. பேச்சை வாங்கி, முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகும் இன்னொரு வண்டிக்குக் கைமாற்றும் வானொலிப் பெட்டி. சமவெளியில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. மலைதான் வில்லங்கம். அலை மலையைத் துளைக்காது. யாராவது ஒருவன் உச்சியில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் இறக்கிவிட வேண்டும். அவனுக்கு மாற்று ஆள் இல்லையென்றால் அவன் ‘ஒற்றைப்பாலம்’. சக்கரத்தில் இணைப்புப் பூட்டு விழுந்துவிடும். லாரியை விட்டு நூறு அடி நடந்தால் பெட்டி அலறும். இணைப்பைக் கைவிட்ட குற்றத்துக்கு மூன்று வருஷம் உள்ளே. யார் எங்கே பூட்டப்பட்டிருக்கிறார்கள் என்று இணைப்புத் துறை வாயைத் திறக்காது. திறந்தால் எவன் அந்தப் பக்கம் வண்டியை விடுவான்?

மேற்குச் சந்தையில் காளைகளை விற்றுவிட்டு வெறும் லாரியோடு திரும்பிக்கொண்டிருந்தான் சுருளிவேல். மகள் வஞ்சி நிலாச் சுரங்கத்தில் துளைப்பொறி மெக்கானிக். மறுநாள் காலையில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தில் விண்கப்பல் ஏறுகிறாள். போனால் ஆறு வருஷம். “வந்துக்கிட்டே இருக்கேன் தாயி” என்று அவளிடம் சொல்வதற்காகத்தான் உச்சியில் ஓரங்கட்டினான். அவன் நின்றதும், அங்கே ஏற்கெனவே நின்றிருந்த ஒரு ஜீப்காரன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் பறந்தான். மரியாதை தெரிந்த பையன் என்று சுருளிவேல் பதிலுக்குக் கும்பிட்டான். அப்புறம்தான் சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. சக்கரம் அசையவில்லை.

‘உங்களால் இணைந்திருப்போர், 412 பேர்’ என்று பெட்டியின் திரையில் ஒரு வரி மின்ன மின்ன, இரவு போனது. விடிந்தும் ஒரு வண்டியும் வரவில்லை. மழைக்காலத்தில் அந்த மேட்டுக்கு வேலை இல்லாதவன் வரமாட்டான், வேலை இருப்பவனும் வரமாட்டான். அப்பா மாட்டிக்கொண்ட சேதி கேட்டு வஞ்சி பயணத்தை மறுநாள் கப்பலுக்குத் தள்ளி வாங்கிவிட்டாள். அதற்கு மேல் தள்ள வழியில்லை. ஆகவே சுருளிவேல், தொழில் போட்டியாளரான பீர் ராவுத்தரை அழைத்தான்.

“பாய், எங்க இருக்கீக?”

“குமுளி வழியா இறங்கப் போறேன். ஏன்?”

“குமுளில வண்டி ஈ மொய்க்கிற மாதிரி நிக்குது. நம்ம புலிக்கல்மெட்டுப் பக்கம் வாங்க. ரோடு பளிங்கு கணக்கா இருக்கு. காத்தாடிக்கிட்டே போகலாம்.”

“நீ இனிக்க இனிக்கப் பேசுனா நான் மடியத் தடவிப் பாத்துக்கிடணுமே, மாப்ள.”

“அட, வாங்க பாய். உங்களுக்குப் பொய் சொல்லி எனக்கென்ன ஆகப் போகுது?”

ராவுத்தர் வந்தார். அவர் லாரி மேட்டில் ஏறிய கணமே சுருளிவேல் சாவியைத் திருகினான். கும்பிடுவதற்குக்கூடக் கையைத் தயாராக வைத்திருந்தான். சக்கரம் அசையவில்லை. பெட்டியின் திரை புதுச் செய்தி காட்டியது. ராவுத்தரின் லாரிக் கூரையில் அலை வாங்கும் கம்பி உயரம் அதிகம். அது மேற்கே, இதுவரை அலையே தொடாத ஒரு தேயிலைப் பள்ளத்தாக்கைப் பிடித்துவிட்டது. இருநூறு வீடுகள் முதல் தடவையாகப் பேச ஆரம்பித்திருந்தன. அவர்கள் பேச்சு ராவுத்தருக்கு வந்து, அவரிடமிருந்து சுருளிவேலுக்கு வந்து, அப்புறம்தான் சமவெளிக்கு இறங்கியது. இப்போது இரண்டு ஒற்றைப்பாலங்கள்.

“பளிங்கு ரோடா?” என்றார் ராவுத்தர், தன் லாரிச் சக்கரத்தை எட்டி உதைத்துவிட்டு. “உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். காத்தாடணுமாம்ல, இந்தா, நல்லா ஆடு!”

“ஒரு ஆள் வந்தா ஒரு ஆளை விட்ரும்னு நெனச்சேன் பாய்.”

“அது சந்தைக் கணக்குடா. இந்தப் பெட்டிக்கு ஆள் வர வரப் பசி கூடுது.”

அன்று மதியம் சுருளிவேலின் பெட்டியில் வஞ்சியின் முகம் வந்தது. பின்னால் பாறையும் பனியும் ஓடின.

“அப்பா, நான் மேலதான் வர்றேன். நாலு வளைவு ஏறிட்டேன். முகத்தப் பாக்காம நான் போக மாட்டேன்.”

சுருளிவேல் கணக்குப் போட்டான். அவள் ஓட்டி வருவதும் கூரையில் திசைவி வைத்த வண்டிதான். மேலே வந்தால் அவள் கம்பி இன்னும் எந்தப் பள்ளத்தாக்கைப் பிடிக்குமோ. பூட்டு விழுந்தால் கப்பல் போய்விடும்.

பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்திருந்த ராவுத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. மூன்றாவது வண்டி! அவர் ‘வாம்மா’ என்று வாயைத் திறக்கும் முன் சுருளிவேல் தோள்துண்டை உருவி அவர் கைமேல் போட்டான்.

மாட்டு வியாபாரத்தில் விலையை வாயால் சொல்லும் பழக்கம் கிடையாது. துண்டுக்குள்ளே விரல்கள்தான் பேசும். சுற்றி நிற்பவன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுருளிவேல் ராவுத்தரின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அழுத்தினான். முதலாவது. அதை மடக்கி அவர் உள்ளங்கையிலேயே வைத்தான். உங்களுக்கு. இனி எப்போது எவன் வந்து மாட்டினாலும் முதலில் இறங்குவது நீங்கள்.

ராவுத்தர் கையை உருவப் பார்த்தார். சுருளிவேல் விடவில்லை. முப்பது வருஷ வியாபாரத்தில் பேரம் பேசாமல் அவன் எதையும் விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை. திரையில் வஞ்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவன் விரலைத் திருப்பி ஒரு முறை அழுத்தினார். முடிந்தது.

“வராத தாயி” என்றான் சுருளிவேல். “பாய் வந்ததும் என்னை விட்ருச்சு. அந்தப் பக்கமா இறங்கிட்டேன். குமுளி சுத்தி நேரா ஏவுதளத்துக்கே வந்துர்றேன்.”

“நெசமாவா? வண்டி ஓடுற சத்தத்தக் காணோமே?”

ராவுத்தர் ஏற்கெனவே குதித்து இறங்கிவிட்டார். எஞ்சின் உறுமியது. லாரியின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்து அவர் முட்ட முட்ட, வண்டி குலுங்கியது. திரையில் சுருளிவேலின் முகம் பள்ளம் மேடு ஏறி இறங்கியது. அவன் அசையாத சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை வளைத்தான்.

“யப்பா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க!” என்று சிரித்தாள் வஞ்சி. “சரி, நான் திரும்புறேன். லைனைக் கட் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போவோம்.”

கீழே, பனிக்கு நடுவே, ஒரு சின்ன வண்டி வளைவில் நின்று, பின்னுக்கு வந்து, திரும்பியது. அதன் கூரை மட்டும் தெரிந்தது. பெட்டியின் திரையில் ஒரு வரி மின்னியது: ‘உங்களால் இணைந்திருப்போர், மேலும் ஒருவர்.’

“அப்பா, வந்துருவீங்கல்ல?”

“வந்துக்கிட்டேதான இருக்கேன்” என்று ஒரு ஹாரன் அடித்தான்.

ஜன்னலுக்கு வெளியே ராவுத்தர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேர்த்து ஒழுக, கையாலேயே கேட்டார்: இன்னும் எவ்வளவு தூரம்?

சுருளிவேலின் மனசுக்குள் முதல் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. கியரைக் குறைத்தான்.