பகல் ஒன்றேகாலுக்குக் காணாமல் போன நோட்டு

பகல் 1.15. பையைத் திறந்தார்கள். நோட்டு இல்லை.

அந்தச் சின்ன மேக்கப் அறையில் அப்போது கால் வைக்க இடமில்லாத கூட்டம். மாலைப் பேட்டிக்காக வந்திருந்த தொலைக்காட்சி ஆட்கள், தயாரிப்பு நிர்வாகி, நடிகையின் மகன் என்று ஆளாளுக்கு அந்தப் பழுப்புத் தோல்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். சீப்பு இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது. பாதி தீர்ந்த இருமல் மாத்திரைப் பட்டையும் இருந்தது. நாற்பத்தோரு வருஷமாக நடிகை எழுதி வந்த கறுப்பு அட்டை நோட்டு மட்டும் இல்லை.

அதிலிருந்து ஒரு பக்கத்தை நாலு மணி நேரலையில் அவர் படிப்பதாக இருந்தது. "இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்லப்போறேன்" என்று முந்தின நாளே அறிவித்துவிட்டார். ஊரே காத்திருந்தது. நிர்வாகி போலீசுக்குப் போன் போட்டார். "போகட்டும், விடுங்கப்பா" என்று நடிகை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

பகல் 2.05. இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். கறாரான பெண்மணி, ஸ்டேஷனில் அவர் நடக்கும் சத்தம் கேட்டாலே பேச்சு அடங்கிவிடும். ஆனால் நூற்றுப் பதினெட்டுப் படங்களில் காதலியாக, அக்காவாக, அம்மாவாகப் பார்த்த முகம், இப்போது எண்ணூறு எபிசோடு தாண்டிய சீரியலில் மாமியாராகத் தினமும் வீட்டுக்கு வரும் முகம், எதிரே வந்து நின்றதும் இன்ஸ்பெக்டருக்குக் கை கால் ஓடவில்லை. வணக்கம் சொல்லப் போய் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டார்.

பிறகு சுதாரித்துக்கொண்டு அறையைப் பார்த்தார். ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரே சாவி. ஜன்னலில் இரும்புக் கம்பி, விரல்தான் நுழையும்.

நடிகையின் மகன்தான் அவருக்கு மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"காலையில நான்தான் திறந்தேன் மேடம். அம்மா மேக்கப் போட்டுக்கிட்டு ஒன்பதே காலுக்கு செட்டுக்குப் போனாங்க. பூட்டி, சாவியை நானே வெச்சிருந்தேன். பதினொன்னு நாப்பதுக்கு காஸ்ட்யூம் அக்கா உடை எடுக்கணும்னு வந்து வாங்கிட்டுப் போனாங்க."

"நோட்டு கடைசியா எப்போ இருந்துச்சு?"

"பதினொன்னு அஞ்சுக்கு. அழுற சீன்னா அம்மா முதல்ல அந்த நோட்டுல ஒரு பக்கம் படிச்சுட்டுத்தான் வருவாங்க. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். வெளியில நின்னேன். படிச்சுட்டு வந்து, பதினொன்னு இருபதுக்கு ஷாட்டுல அழுதாங்க. செட்டே கை தட்டுச்சு."

"அப்போ நோட்டு போனது பதினொன்னு நாப்பதுக்கும் ஒன்னே காலுக்கும் நடுவுல."

"நீங்களே சொல்லிட்டீங்க" என்றான் மகன், வருத்தமான குரலில்.

அந்த நேரம் முழுக்கச் சாவி காஸ்ட்யூம் அக்காவிடம். நிர்வாகி ஏற்கெனவே அவரை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, 'ஜீப் எப்போ கிளம்பும்?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் பெண். முப்பத்தைந்து வருஷமாக நடிகையின் உடைகளைப் பார்த்துக்கொள்பவர். கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டினார். வற்புறுத்திக் கேட்டால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத ஒரு கிசுகிசு.

"நான் எடுக்கலம்மா."

"தொண்டை சரியில்லையா?"

அதற்கும் ஒரு தலையாட்டல்தான்.

மணி 2.40. கேமராமேன் லென்ஸைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அக்காவா? ஒன்பதே காலுல இருந்து என் பக்கத்துல துண்டோட நின்னாங்க. பதினொன்னு நாப்பது வரைக்கும் ஒரு அடி நகரல. அம்மா நடிக்கும்போது அவங்க வேற எங்கயும் போக மாட்டாங்க மேடம்."

"நீங்க எத்தனை வருஷமா அவங்களைப் படம் பிடிக்கிறீங்க?"

அவ்வளவுதான், மனிதர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டார். "பத்தொன்பது வருஷம். இன்னும் எனக்கு நம்ப முடியல. 'கேமரா எந்தப் பக்கம்பா?'ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. இடதுன்னு சொன்னா இடது கண்ணுல மட்டும் தண்ணி இறங்கும். வலது கண்ணு காஞ்சு கிடக்கும்! கிளிசரினைத் தொட்டு நான் பார்த்ததில்ல. இதெல்லாம் சொல்லிக் கொடுத்து வர்றதா?"

"இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"இடதுதான். கேட்டாங்களே."

இன்ஸ்பெக்டர் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடமை நினைவுக்கு வர ஒரு நிமிஷம் ஆயிற்று.

மேக்கப்மேன் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்தார். "சாப்பாட்டு பிரேக் லேட்டானதுக்கு என்னைத் திட்டுறாங்க மேடம். நான் என்ன பண்ண? அந்த ஷாட்டுக்கு அப்புறம் முகம் முழுக்க மறுபடி போட வேண்டியதாப் போச்சு. ரெண்டு கன்னமும் நனைஞ்சு, கழுத்து வரைக்கும் வழிஞ்சிருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். நேராகக் கேமராமேனிடம் போய், அந்த ஷாட்டைத் திரையில் ஓட்டச் சொன்னார். ஒரு தரம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். காட்சியின் முடிவில் நடிகை முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரைக்கு அருகே குனிந்து இரண்டு கன்னத்தையும் பார்த்தார்.

மணி 3.25. மேக்கப் அறையில் நாலே பேர். நடிகை, மகன், காஸ்ட்யூம் அக்கா, கதவில் சாய்ந்தபடி இன்ஸ்பெக்டர்.

"நோட்டு ஒன்னே காலுக்குத் தொலையல" என்றார் இன்ஸ்பெக்டர். "பதினொன்னு அஞ்சுக்கு முன்னாடியே இல்ல. அம்மா உள்ள வந்து பையைத் திறந்தப்போ அதுல நோட்டு இல்ல. படிச்சுட்டு வந்தாங்கன்னு நாம எல்லாரும் நினைச்சுக்கிட்டோம். தினமும் அதானே நடக்குது! ஆனா இன்னிக்கு ரெண்டு கண்ணுலயும் தண்ணி. கேமராவுக்குத் தெரியாத கன்னமும் நனைஞ்சிருக்கு. நடிச்சிருந்தா இடது கண்ணு மட்டும்தான் அழுதிருக்கும். அது நடிப்பு இல்ல, நோட்டைக் காணோம்னு வந்த நிஜ அழுகை."

"அப்படின்னா திருட்டு நடந்தது ஒன்பதே காலுக்கும் பதினொன்னு அஞ்சுக்கும் நடுவுல. அந்த நேரம் அக்கா கேமரா பக்கத்துல நின்னாங்க, செட்டே சாட்சி. சாவி ஒரே ஒரு ஆள்கிட்ட இருந்துச்சு." மகன் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட, தம்பி. நோட்டு எங்க?"

அவன் இரண்டு போன்களையும் மேஜைமேல் வைத்தான். "கார்ல. அம்மா பேரைக் காப்பாத்தத்தான் எடுத்தேன். நாப்பது வருஷத்துப் பேரு மேடம், ஒரு பக்கத்துல போயிடும்."

"என் பேருல பாதி இவ பேருடா" என்றார் நடிகை.

காஸ்ட்யூம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்: "முதல் இருபத்திரண்டு படத்துல பேசினது நான் இல்லம்மா, இவ. என் குரல் அப்போ கீச்சுன்னு இருக்கும். இவ டப்பிங் பேசப் பேச, பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன். அடுத்த படத்துல நானே பேசினேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. அன்னியோட இவளுக்கு வேலை போச்சு. வாயைத் திறந்தா என் குரல்! ஊர் கண்டுபிடிச்சுடும்னு அன்னிலருந்து கிசுகிசுன்னே பேசிட்டு, என் துணியை இஸ்திரி போட்டுட்டு இருக்கா."

இன்ஸ்பெக்டர் காஸ்ட்யூம் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மட்டும் அழ வைப்பதைவிடப் பெரிய வித்தை ஒன்று வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.

"எடுத்தது யாருன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுதாம்மா?"

"சாவி இவன் கையில. வேற யாரு? நாலு மணிக்குள்ள தானே கொண்டுவந்து வைப்பான்னு காத்திருந்தேன். பெத்த பாசம். இவளைத் திருடின்னு வாசல்ல உட்கார வெச்சப்பக்கூட நான் வாயைத் திறக்கல பாருங்க, அதை நான் எங்க போய்ச் சொல்லி அழ?"

காஸ்ட்யூம் அக்கா நடிகையின் தோளில் சரிந்திருந்த துணியைச் சரி செய்தார். மகன் எழுந்து வெளியே போனான். இன்ஸ்பெக்டர் அவனைத் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அவன் கையில் கறுப்பு நோட்டு இருந்தது. அதை அம்மாவிடம் நீட்டாமல் அக்காவிடம் நீட்டினான். "மன்னிச்சுடுங்க அத்தை" என்றான்.

மாலை 4.00. நேரலை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். இன்னொன்றை மகனே தூக்கிவந்து போட்டான். நடிகை நோட்டைப் பிரித்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் வைத்தார்.

"நீ படி. வாய்விட்டுப் படி."

காஸ்ட்யூம் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். முப்பத்தைந்து வருஷமாக அடக்கி வைத்திருந்த குரல், எல்லோர் வீட்டுக்கும் பழக்கமான அந்தக் குரல், தளம் முழுக்க நிறைந்தது.

"'இந்தக் குரல் என்னுடையது இல்லை...'"

அங்கே நிறுத்திவிட்டார். அறிவிப்பாளர் அடுத்த கேள்வியை மறந்துபோய் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

காஸ்ட்யூம் அக்கா நோட்டை மூடி, கேமராவை நேராகப் பார்த்தார்.

"இது என்னோடதுதான்" என்றார்.