ரப்பர் பாம்பின் சூடு

தண்ணீரிலிருந்து வந்த ரப்பர் பாம்பு சூடாக இருந்தது.

அதன் தூண்டில் முள்ளில் சிக்கிய பாசியை எடுக்க அதைக் கையில் வாங்கிய மருதமுத்து, உடனே படகுக்குள் போட்டுவிட்டான். வெயில் சூடு இல்லை அது. மேகம் மூடிய செப்டம்பர் சாயங்காலம், ஏரித் தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அதில் முக்கால் மணி நேரம் கிடந்துவிட்டு வந்த ஒரு முழ ரப்பருக்குக் கோழிக்குஞ்சின் வயிறு போல ஒரு வெதுவெதுப்பு.

"மச்சான், இதத் தொட்டுப் பாருங்க."

"ரப்பர்னா சூடு புடிக்கும் மாப்ள. ஃபேக்டரி ஸ்டோர்ஸ்ல ஃபேனுக்குக் கீழயே உக்காந்து நீதான் கெட்டுப்போயிட்ட." கலியன் சிரித்துக்கொண்டே அதை மறுபடி வீசினான்.

கலியன், மருதமுத்துவின் மனைவி அமலாவுக்கு அண்ணன். கல்கத்தாவில், கிதிர்பூர் கப்பல் டாக்கில் வேலை. அங்கே ஒரு கப்பல்காரனிடம் இந்தப் பாம்பை வாங்கியிருந்தான். வயிற்றுக்கு அடியில் இரண்டு பெரிய முள். நீந்துகிற பாம்பைக் கண்டால் பெரிய பேட்கி, நம்மூர்க் கொடுவா, பாய்ந்து கவ்வுமாம். விஸ்வகர்மா பூஜைக்கு டாக்கும் லீவு, மருதமுத்துவின் ஃபேக்டரியும் லீவு. இரண்டு பஸ் மாறி ராஜர்ஹாட்டுக்கு அப்பால் இந்த மீன் ஏரிக்கு வந்திருந்தார்கள். கிளம்பும்போது அமலா ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுங்க. முழுசா கூட்டிட்டு வாங்க."

கரையில் காவல்காரர் நிமாயிடம் டீ கேட்டபோது அவர் கையை விரித்தார். இன்று அரந்தன், அடுப்பு எரியாது, நேற்று சமைத்த பழைய சோறுதான். அடுப்பு இன்று மனசா தேவிக்கு உரியது, பாம்புகளுக்குத் தாய் அவள். சொல்லிக்கொண்டிருந்தவர் கலியனின் பையிலிருந்து தொங்கிய ரப்பர் வாலைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "ஆஜ்கே நா, தாதா. ஓடா ஜலே ஃபேல்பேன் நா." அதை இன்று தண்ணீரில் போடாதே என்கிறார். இருபது வருடக் கல்கத்தா, கலியனுக்கா புரியாது?

"டீ குடிக்காம பெருசுக்கு மண்ட காஞ்சிருச்சு," என்று தமிழில் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினான்.

இப்போது கரை ஒரு கறுப்புக் கோடு. பாதி கட்டிய கட்டடங்களுக்கு மேலே பூஜை நாளுக்காக விட்ட பட்டங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன, அழுகிய ஆகாயத்தாமரையின் நாற்றத்தோடு ஈரச் சேற்றின் வாடை கலந்து மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டது, அந்த வாடைக்கு அடியில் முட்டை உடைந்தது போல வேறொரு வாடை மெதுவாக ஏறியது. அதுவரை காதைப் பிய்த்த தவளைகள், யாரோ கையைக் காட்டியது போல, ஒரே நொடியில் நின்றன.

"போலாம் மச்சான்."

"ஒண்ணாவது புடிக்காமலா?"

கலியனுக்குத் தூண்டில் கோல் பிடிக்காது. பின்னல் நூலை உள்ளங்கையில் நாலு சுற்று சுற்றிக்கொள்வான். மீன் மூச்சு விடுவதுகூடத் தெரியுமாம். பாம்பு நெளிந்து நெளிந்து வந்தது. கலியனின் கை அசையாமல் இருந்தது. பாம்பு அப்போதும் நெளிந்தது.

மருதமுத்து அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

நூல் விறைத்தது.

கலியன் முகம் குப்புறப் படகின் விளிம்பில் மோதினான். பல் உடைந்த சத்தம். நூல் உள்ளங்கைக்குள் இறங்கியது, தோலுக்குள், சதைக்குள். எலும்பில் போய் நின்றது. ரத்தம் நூல் வழியாகவே தண்ணீருக்கு ஓடியது.

"அறுடா! அறு!"

மீன் கத்தியை எடுத்து மருதமுத்து நூலில் வைத்து இழுத்தான். வழுக்கியது. மறுபடி இழுத்தான். நூல் அறுபடவில்லை. கலியனின் இரண்டு விரல்கள் தனியாகப் படகுக்குள் விழுந்தன. கலியன் அலறினான். அந்த அலறலோடு தண்ணீருக்குள் போனான்.

குமிழி. பிறகு குமிழியும் இல்லை.

மருதமுத்து குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். வேர். சேறு. வேர். கண்ணுக்குள் அமலாவின் முகம். வேர். ஒரு கை.

ஐந்து விரலும் இருந்த கை. அது அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தான். தலை மேலே வந்தது. கலியன் இருமினான், தண்ணீரைக் கக்கினான், மூச்சு விட்டான். உயிர் இருந்தது. மருதமுத்துவுக்கு அழுகை வந்தது.

"விட்றாத மாப்ள."

"விடல மச்சான். விடல."

தோள் வந்தது. நெஞ்சு வந்தது. கிழிந்த சட்டை வந்தது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் படகுக்குள் சாய்த்தான். வயிறு வந்தது. சட்டை முடிந்தது.

வயிறு முடியவில்லை.

இழுத்தான். வெறும் தோல். மனிதத் தோல், மயிரோடு. இடுப்பு எங்கே? கால் எங்கே? அதே கனம், அதே அகலம், விளிம்பைத் தேய்த்துக்கொண்டு மேலே வந்தபடியே இருந்தது. காலடியில் ஒரு சுற்று விழுந்தது. அதன்மேல் இன்னொரு சுற்று. படகு தாழ்ந்தது. கையை விட நினைத்தான். அவன் மணிக்கட்டை அது விடவில்லை.

"இழு மாப்ள," என்றான் கலியன். அவன் முகம் இப்போது படகின் மறுகோடியில், உடைந்த பல்லோடு, தரையிலிருந்து ஒரு முழம் எழும்பி நின்றது. "இன்னும் இருக்கு."