சுதர்ஷினி போட்ட இரண்டு சுற்று

"ஏங்க... கண்ணு தெரியலையா?"

தண்ணீருக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக் கத்தினாள் சுதர்ஷினி. மோதிய இரண்டு பாய்ப்படகுகளும் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. எதிரே, ஈர முடி நெற்றியில் ஒட்டிய இன்னொரு தலை. அதில் இரண்டு கண்கள்... அப்பப்பா, கோபப்பட விடாத கண்கள்!

"காத்து எனக்கு வலது பக்கம். நீங்கதான் வழி விடணும். தப்பு உங்க மேல. ரெண்டு சுத்து சுத்திட்டுப் போங்க!"

பாய்ப்படகுப் பந்தயத்தின் விதி அது. தவறு செய்தவர், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், தாமாகவே படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தொடர வேண்டும்.

"பயிற்சிக்கும் சுத்தோ?" அவன் சிரித்தான். "கடல்ல ஓடின எனக்கு, குளத்தில ஓடுற நீங்கள் விதி சொல்லித் தாறியளோ?"

அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. விசாரித்ததில் பெயர் கஜன் என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரன், இரத்தினபுரியில் நில அளவை அலுவலகத்தில் வேலை, போன வருடத்துத் தேசிய சாம்பியன். இருக்கட்டுமே! அவள் பலாங்கொடைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். நீர்த்தேக்கத்துக் கழகத்தில் படகு கழுவப் போய், படகோட்டவே கற்றுக்கொண்டவள். ஆடி மாதக் கடல் கொந்தளிக்கிறது என்று தேசியப் போட்டியே இந்த வருடம் அவள் வாசலுக்கு வந்திருந்தது. அதை விடுவாளா?

மறுநாள் மாலை தூறல். படகுக் கொட்டகையில் கஜன் ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினான்.

"குடியுங்கோ, குளிருது."

"மன்னிப்புக் கேளுங்க, குடிக்கிறேன்."

"குடியுங்கோ, கேக்கிறன்."

அவனும் கேட்கவில்லை, அவளும் குடிக்கவில்லை. தேநீர் ஆறிப்போனது. வீம்பு என்றால் இருவருக்கும் அப்படியொரு வீம்பு... ஆனாலும் வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அந்தக் கண்களே நினைவாக இருந்தன. சே, என்ன மனசு இது!

போட்டி தொடங்கியது. கடைசிப் பந்தயத்துக்கு முன் இருவரும் சம புள்ளி. யார் முந்துகிறாரோ அவருக்கே கிண்ணம். காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், தோட்டத்துப் பெண்கள் மேற்குக் கரைக்கு இறங்கி வந்திருந்தார்கள். நடுவில் அவள் அம்மா. 'லயத்துப் புள்ளைக்கு எதுக்குப் படகு' என்று ஐந்து வருடமாகக் கேட்டவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். இன்று தோற்றால் அந்தப் பேச்சே நிலைத்துவிடும்.

பாதித் தூரத்தில் அவள்தான் முன்னால். கஜனின் படகுக்குக் குறுக்கே கடந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்... கணக்கு ஒரு சாண் தவறியது. அவள் படகின் பின்பக்கம் அவன் படகின் மூக்கை உரசியது. இம்முறை தவறு அவளுடையது.

திரும்பிப் பார்த்தாள். கஜன் ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்தான்... பிறகு மூடிக்கொண்டான். நடுவர் படகு எங்கோ தூரத்தில். யாருமே பார்க்கவில்லை.

'அவரே சும்மா இருக்காரு... போயிடு, சுதா!' என்றது மனசு. அடுத்த கணம் உடம்பெல்லாம் எரிந்தது. பாவம் பார்க்கிறானா? இவன் போடும் பிச்சையிலா நான் ஜெயிக்க வேண்டும்?

சுக்கானைத் திருப்பினாள். ஒரு சுற்று... இரண்டு சுற்று... கரையில் "ஐயோ!" என்று அலறல். சுற்றி முடித்தபோது அவள் ஐந்தாவது இடத்தில் இருந்தாள்.

காற்றும் விழுந்துவிட்டது. காற்றைத் தேடி எல்லாரும் நடு நீரை நோக்கிப் போனார்கள். அம்மாவைத் தேடிக் கரையைப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெண்களின் படங்குகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன! மலைக்காற்று சரிவில் இறங்கிவிட்டது... தண்ணீருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தனியாக மேற்குக் கரைக்குப் படகை விட்டாள். வந்தது காற்று! பாய் புடைத்தது. படகு கவிழாதபடி உடம்பை வெளியே சாய்த்துத் தொங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று படகுகள் பின்னால் போயின. கடைசியாகக் கஜன்... அவனையும் தாண்டி, ஒரு படகு நீளம் முன்னால், கோட்டைக் கடந்தாள். கரை முழுவதும் ஒரே கூச்சல்.

"எம் புள்ளடி! எம் புள்ள!" அம்மாவின் குரல் மலை வரைக்கும் போனது.

கரையேறியதும் நேரே கஜன் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் கத்தல? எம்மேல பாவமா?"

"உங்களிலயோ? பாவமோ?" அவன் தலையைக் குனிந்தான். "கத்தத்தான் வாயைத் திறந்தனான். நீங்கள் திரும்பிப் பாத்தியள்... சொல்ல வந்தது மறந்து போச்சு."

"பொய்யி."

"உண்மையா. அண்டைக்கு மோதினதும் அப்பிடித்தான். படகைப் பாக்காமல் உங்களையே பாத்துக்கொண்டு வந்தனான். பிழை என்னில, மன்னிச்சுக்கொள்ளுங்கோ." குரல் தடுமாறியது. "எனக்கு உங்களை... நல்லாப் பிடிச்சிருக்கு, சுதர்ஷினி."

ஒலிபெருக்கி சிங்களத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டது. "கப்பு குடுக்கக் கூப்பிடுறாங்கடி, ஓடு!" என்று அம்மா கத்தினாள். சுதர்ஷினி இரண்டடி ஓடினாள்... நின்றாள்... திரும்பி வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது.

"தோத்துட்டீங்களேன்னு பாவம் பாத்துச் சொல்றேன்னு நெனைக்காதீங்க, என்ன?" மூச்சு வாங்கியது. "எனக்கும் உங்களப் புடிச்சிருக்குங்க!"

சொல்லிவிட்டு, கிண்ணத்தை வாங்க ஓடினாள்.