கதவில் மூன்று தட்டு

வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்த பிறகும் டிரைவரின் வலது பாதத்துக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு தட்டு. யாரோ அடியில் படுத்துக்கொண்டு ஸ்பேனரால் சேசிஸைத் தட்டியது போல, மிதமாக, அவசரமில்லாமல். சூடேறிய இரும்பு ஆறும்போது சடசடக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆறுகிற இரும்பு ஒரு தட்டோடு நிறுத்திக்கொள்ளாது என்பது இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவனுக்குத் தெரியாதா என்ன.

மலைப்பாதையின் ஏற்றம் அது. காலை ஒன்பது மணியாகியும் மூடுபனி விலகாமல் மரங்களின் இடுப்பு வரை நின்றது. பின்பக்க இடது சக்கரத்திலிருந்து பிரேக் தீய்ந்த வாடை, ரப்பரும் தூசியும் சேர்ந்து கருகுகிற வாடை, ஈரக்காற்றில் கலையாமல் கேபினுக்குள் ஏறி வந்தது. மிதித்த பிரேக் விடாமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதோடு இன்னும் இரண்டு வளைவு ஏறினால் டயர் பற்றிக்கொள்ளும்.

அவன் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசை தவறாமல் செய்தான். நான்கு பக்க விளக்கையும் மினுக்கவிட்டான். சிவப்பு முக்கோணப் பலகையை ஐம்பது அடி எண்ணி நடந்து பின்னால் வைத்தான், வளைவு திரும்பும் இடத்தில் இன்னொன்றை வைத்தான். சக்கரங்களுக்குப் பின்னால் தான் எப்போதும் கூடவே கொண்டுவரும் மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தான். கம்பெனியில் புதிதாகச் சேரும் டிரைவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவனே அவன்தான். குனிஞ்சு அடியில பாக்காம எவனும் வண்டிய எடுக்கக் கூடாது என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று தொண்டை கிழியச் சொல்வான். அந்த விபத்துக்குப் பிறகு மனுஷன் எவ்வளவு பொறுப்பாகிவிட்டான் பாருங்கள் என்று மேனேஜர் அவனைக் காட்டிப் பேசுவார். கட்டையை வைக்கும்போதுகூட அவன் குனியாமல் காலால் தள்ளித்தான் வைக்கிறான் என்பதை யாரும் கவனித்ததில்லை. இரண்டு வருஷமாக அவன் எந்த லாரியின் அடியையும் குனிந்து பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்திருந்தது அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி. ஒன்பது வருஷம் ஒரே வண்டியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். கீழே இருப்பவன் ஒரு தட்டு தட்டினால் மேலே இருப்பவன் பிரேக்கை மிதிக்க வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்து, டிரைவர் பக்கக் கதவில் மூன்று தட்டினால்தான் வண்டியை எடுக்கலாம். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. அன்று குடோன் கேட் மூடப்போகிற நேரம். இரண்டு தட்டு கேட்டது, பிரேக்கை விட்டான். மூன்று தட்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது, வெளியே வந்திருப்பான் என்று நினைத்து வண்டியை எடுத்தான்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் சறுக்கிவிட்டது, வண்டி தானாக உருண்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். மனைவி நம்பியதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. கல்லு சறுக்கினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள். தம்பியைப் பறிகொடுத்தவள். அந்தத் தோளை அதற்குப் பிறகு அவனால் நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை.

போன் செய்து முக்கால் மணி நேரத்தில், பனிக்குள்ளிருந்து இருமிக்கொண்டே ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதைவிட அதிகமாக இருமிக்கொண்டு அதன் மேல் மெக்கானிக் வந்தார். தொந்தியும், நூல் கட்டிய கண்ணாடியுமாக ஐம்பதைத் தாண்டியவர். தன் ஸ்கூட்டரே இறக்கத்தில் தள்ளினால்தான் கிளம்பும், லட்சணம் இப்படியிருக்க ஊரார் வண்டியைப் பழுது பார்க்க வந்துவிட்டேன் என்று சிரித்தார். பன்னிரண்டு மணிக்குள் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர வேண்டும், பரீட்சை நாள், ஐந்து நிமிஷம் தாமதமானாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்றார். முட்டுக்கட்டைகளைப் பார்த்து, இப்படியொரு டிரைவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று மெச்சினார். டிரைவருக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அடியில் சாக்கை விரித்துக்கொண்டே மெக்கானிக் வேலையை விளக்கினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், அப்போதுதான் பிரேக்குக்குக் காற்று நிற்கும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு பெடலை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தட்டுவதற்குப் பதிலாகக் குரல் கொடுங்களேன் என்று டிரைவர் கேட்டுப்பார்த்தான். 

"இந்த இன்ஜின் சத்தத்துல எங்கண்ணே கேக்கும்? ஒண்ணுன்னா மிதிங்க, ரெண்டுன்னா விடுங்க. வெளிய வந்து கதவுல மூணு தட்டுறேன், அப்புறம் பத்தடி முன்னால எடுத்துப் பாப்போம். உங்களுக்குத் தெரியாததா."

டிரைவர் மேலே ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பின்பக்கம் முழுவதும் பால் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. முக்கோணப் பலகைகூடத் தெரியவில்லை, விளக்கு மினுங்கும்போது மட்டும் பனி மஞ்சளாகி மறுபடி வெளுத்தது.

தூரத்தில், பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு. மிதித்தான். இரண்டு தட்டு. விட்டான். காற்று சீறி அடங்கியது. மறுபடி ஒன்று. மிதித்தான். எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது, மெக்கானிக் கெட்டிக்காரர், இன்னும் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம் என்று மூச்சை விட்டபோது, இன்னொரு தட்டு கேட்டது.

பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து அல்ல. அவன் பாதத்துக்கு நேர் கீழே.

பெடல் ஏற்கெனவே மிதித்தபடிதான் இருந்தது. இன்னும் அழுத்தினான். தூரத்தில் இரண்டு தட்டு கேட்டது, விடச் சொல்கிறார். உடனே பாதத்துக்கடியில் ஒன்று, மிதிக்கச் சொல்கிறது. எதைக் கேட்பது என்று தெரியாமல் பாதி விட்டுப் பாதி மிதித்தான். மிதமான, அவசரமில்லாத தட்டு. அந்தக் கை அவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷம் கேட்ட கை.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பார்ப்பதுதான் முறை. இறங்க வேண்டும், குனிய வேண்டும், பார்க்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. கதவின் பிடியில் கை வைத்தான். குனிந்தால் அங்கே நீலச் சட்டை தெரிந்தால் என்ன செய்வது? அன்று மச்சான் போட்டிருந்த அந்தச் சட்டையை மனைவிதான் தம்பிக்கு வாங்கிக்கொடுத்திருந்தாள். பிடியிலிருந்து கை தானாக நழுவியது.

"மாப்ள," என்றான் மெல்ல, தரையைப் பார்த்து. "கல்லு சறுக்கல மாப்ள. நான்தான் எடுத்தேன். உன் அக்காகிட்ட சொல்லிடுறேன். இன்னைக்கே சொல்லிடுறேன்."

தட்டு நின்றது. இரண்டு இடத்திலும்.

சொல்ல மாட்டான் என்பது அவனுக்கே தெரியும். இதே வார்த்தையை இதற்கு முன் எத்தனையோ முறை தனக்குள் சொல்லியிருக்கிறான். கீழே இருப்பவனுக்கும் அது தெரிந்திருக்கும்.

அப்போது பனிக்குள், கீழே எங்கோ, பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. ஏறி வருகிறது. முதல் முக்கோணப் பலகையை பஸ் டிரைவர் பார்த்தாரோ இல்லையோ. மறுபடி ஹார்ன், இன்னும் கிட்டத்தில். பாதையில் பாதியை அவன் லாரி அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பஸ் நிறைய ஆட்கள்.

கதவில் மூன்று தட்டு.

திடுக்கிட்டுக் கண்ணாடியில் பார்த்தான். கதவுப் பக்கம் யாருமில்லை. பனி. பனியில் தெரியவில்லை, அவ்வளவுதான். தட்டிவிட்டு ஓரமாகப் போயிருப்பார். மெக்கானிக் என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இன்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது.

மறுபடி மூன்று. நிதானமாக.

காத்திருந்தேனே என்று நினைத்தான். இந்த முறை மூன்று தட்டுக்குக் காத்திருந்தேன். இந்த முறை என்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. இறங்கிப் பார். ஹார்ன். இறங்கிக் குனிந்து பார். ஹார்ன், மிகக் கிட்டத்தில். முடியாது. என்னால் முடியாது.

கியரைப் போட்டு, ஸ்டியரிங்கை ஓரத்துக்கு ஒடித்தான். வண்டி முன்னால் நகர்ந்தது. நாலடி. ஆறடி.

பின்சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கியது.

அந்த ஏற்றம் அவனுக்குத் தெரியும். கல்லில் ஏறினால் வண்டி அதிரும். இது அதிரவில்லை.

பிரேக்கை மிதித்தான். சக்கரம் சொன்னபடி நின்றது. வாடை இல்லை, இழுப்பு இல்லை. மெக்கானிக் வேலையைக் கச்சிதமாக முடித்திருந்தார். பஸ் மெதுவாக ஒட்டி வந்து கடந்துபோனது, வழி விட்டதற்கு அதன் டிரைவர் கை தூக்கி நன்றி சொன்னார். ஜன்னலோரத்தில் ஒரு குழந்தை கையசைத்தது. அவனும் கையசைத்தான். ஏன் அசைத்தான் என்று தெரியவில்லை.

இன்ஜினை அணைத்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டான். இறங்கினான். தரை ஈரமாக இருந்தது. வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் நடந்தான். ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பக்கத்தில் யாருமில்லை.

குனிந்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

மெக்கானிக் சாக்கின் ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். கண்ணாடி நூலில் தொங்கியது. ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது.

சாக்கின் மறு ஓரத்தில் நீலச் சட்டை. கட்டிலில் இன்னொருவர் படுக்க ஒதுங்குகிறவனைப் போல ஒருக்களித்துப் படுத்து, மச்சான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்திலிருந்த சாக்கின் சுருக்கத்தை மச்சான் உள்ளங்கையால் மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.