கடலுக்கடியில் ஒரு க்ளோஸப்!

பிணம் படகுத் துறையில் கிடந்தது.

கறுப்பு ரப்பர் உடை. கழுத்திலும் தோளிலும் நைலான் வலை இறுக்கிய கோடுகள்...

செத்தவன் சாதாரண ஆள் இல்லை. கடல் காப்பு இயக்கத்தின் செயலாளர். உலகமே கொண்டாடும் கடலடிப் பட டைரக்டரின் கூடப்பிறந்த தம்பி. மீனவர்கள் கடலில் விட்டுப்போகும் வலைகளில் ஆமைகள் சிக்கிச் சாகின்றன என்று மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பேசியவன்.

கடைசியில் அவனே ஒரு வலையில் சிக்கிச் செத்திருக்கிறான்!

"விபத்துதான் சார்," என்றார் டைரக்டர். கண்கள் சிவந்திருந்தன. "தனியா இறங்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலை. நான் படகுல அசந்து தூங்கின நேரமாப் பார்த்து கேமராவைத் தூக்கிட்டுக் குதிச்சுட்டான்."

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத் தலையாட்டினார். டைரக்டரின் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவர் அவர். தாய் ஆக்டோபஸ் முட்டைகளைக் காவல் காத்தபடியே பட்டினி கிடந்து சாகும் காட்சியில் குடும்பத்தோடு உட்கார்ந்து மூக்கைச் சிந்தியவர். இப்படிப்பட்ட மனிதரை என்னவென்று விசாரிப்பது?

தம்பியின் இயக்கத்துக்காக ஆமைப் படம் எடுக்கப் படகில் போனது மூன்று பேர். டைரக்டர், தம்பி, டைரக்டரின் மனைவி. கூட்டம் கூடினால் மீன்கள் மிரளும் என்று யூனிட் ஆட்களை எப்போதும் கரையிலேயே நிறுத்திவிடுவார் டைரக்டர். மனைவி எதற்கு? டவல் நீட்ட, டீ ஊற்ற. எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விபத்து என்று எழுதி ஃபைலை மூடப்போனார் இன்ஸ்பெக்டர். போன் அலறியது.

டைரக்டரின் எல்லாப் படங்களையும் வெட்டி ஒட்டிய எடிட்டர்தான் பேசினார். உடனே வரச் சொன்னார்.

ஜன்னலே இல்லாத எடிட்டிங் அறை. காலையில் டைரக்டரின் மனைவி வந்து, கேமராவிலிருந்த மெமரி கார்டைக் கொடுத்து, படத்துக்கு ஆகுமா என்று பார்க்கச் சொல்லிவிட்டுப் போனாளாம். எடிட்டர் பட்டனைத் தட்டினார்.

திரையில் பவளப் பாறை. அதன் மேல் வலை. வலைக்குள்... தம்பி! உதட்டில் ரத்தம். கண்கள் பிதுங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேமரா கீழே விழுந்து தானாக ஓடியிருக்கலாமே என்று கேட்டார்.

"விழுந்த கேமரா கிட்ட போய் முகத்தைத் தேடாது சார். அந்த ஆழத்துல சிவப்பு நிறமே தெரியாது. ரத்தம் பச்சையாத்தான் இருக்கும். இங்கே சிவப்பாத் தெரியுது. அப்படின்னா ஒருத்தர் விளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கறார்." எடிட்டர் திரையின் ஓரத்தைக் காட்டினார். "இது கத்தி. கேமரா கைப்பிடியிலயே கட்டியிருக்கு. அதுக்குத்தான் கையை நீட்டறான். இப்பப் பாருங்க..."

கேமரா பின்னால் நகர்ந்தது. அவன் விரலுக்கு எட்டாத தூரம். அவ்வளவுதான்.

"யார் எடுத்தது?"

எடிட்டர் அழுதே விட்டார். "இந்தக் கையை எனக்கு நல்லாத் தெரியும் சார். கீழேயிருந்து மெதுவா வரும். முகத்துக்கு நேரா நிக்கும். துளி நடுங்காது. உலகத்துல இப்படி எடுக்கறது ஒரே ஆள்தான்."

டைரக்டர் வீட்டுக்கு ஜீப் பறந்தது. மனைவி குளியலறையில் ரப்பர் உடையை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். கேமராவோடு கடலில் இறங்கியது யார் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவள் நிமிர்ந்தாள். "படத்துல ஒளிப்பதிவுன்னு யார் பேரைப் போட்டிருக்கோ, அவர்தான் சார்."

மாலைக்குள் டைரக்டர் லாக்கப்பில் இருந்தார்.

தூங்கினேன் என்றார். சத்தியம் என்றார். சரி, அப்படியென்றால் எடுத்தது யார்? அந்த இடத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவியோடு தனியாகப் பேச வேண்டும் என்று கெஞ்சினார்.

வந்தாள்.

வாசகர்களே, உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டைரக்டர் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்கிப் பல வருஷமாயிற்று! முதல் படத்திலேயே காது சவ்வு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து தண்ணீருக்கு அடியில் அவள். தண்ணீருக்கு மேலே, மாலையும் மைக்குமாக, இந்த மகானுபாவர்.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?"

"உங்க தம்பிகிட்ட ஒண்ணுதான் கேட்டேன். இந்தப் படத்துலயாவது என் பேரைப் போடுங்கன்னு. அண்ணன் முகத்துக்குத்தான் மார்க்கெட், நீங்க டவலைப் பிடிங்க அண்ணின்னு சிரிச்சான்." குரலில் கசப்பு வழிந்தது. "ஆமை சிக்கற காட்சி கிடைக்கலைன்னு, உயிரோட இருக்கற பாறை மேல வலையை விரிச்சதும் அவன்தான். நீங்களும் சரின்னீங்க. அதை இழுத்து விடப் போய் அவனே மாட்டிக்கிட்டான். நான் மாட்டிவிடலை."

"கத்தி உன்கிட்டதானே இருந்தது?"

"இருந்தது."

"அப்புறம் என்ன?"

"ஷாட் நல்லா வந்துக்கிட்டிருந்தது."

டைரக்டர் கம்பியை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அவள் கம்பிக்கு அருகே வந்தாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. என் படமெல்லாம் எடுத்தது என் பொண்டாட்டின்னு. காதை டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ உள்ளே போயிடுவியே?"

"போறேன். என் பேரோட போறேன்."

கார்டை அவள் ஏன் எடிட்டரிடம் கொடுத்தாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கை யாருடையது என்று ஊரறியச் சொல்லியே தீர வேண்டும். சொன்னால் உயிர் பிழைக்கும். மானம் கப்பலேறும். வாங்கிய விருதையெல்லாம் திருப்பிக் கேட்பார்கள். சொல்லாவிட்டால்... தூக்கு!

இன்ஸ்பெக்டர் பேப்பரும் பேனாவுமாக வந்தார்.

"கடைசியாக் கேக்கறேன் சார். எடுத்தது யார்?" கொஞ்சம் தயங்கினார். மனசு கேட்கவில்லை. "நான் சொல்லக் கூடாதுதான். ஆனா என் ஆயுசுல இப்படி ஒரு ஷாட்டைப் பார்த்ததில்லை. எடுத்தவர் சாமானியக் கலைஞர் இல்லை."

டைரக்டரின் முதுகு நிமிர்ந்தது. கலைந்திருந்த தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார்.

அவள் பாய்ந்து வந்தாள். பொய் என்று கத்தினாள். தான்தான் எடுத்தது, எல்லாமே தான்தான் எடுத்தது, அவருடைய காதைச் சோதித்துப் பாருங்கள் என்று இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"புருஷனைக் காப்பாத்த நல்ல பொண்டாட்டிங்க சொல்றதுதாம்மா இது. அவரே ஒத்துக்கிட்டார். அப்புறம் காதுக்கு என்ன சோதனை? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

டைரக்டர் பேப்பரை வாங்கினார். ரசிகர்களுக்குப் போட்டுக் கொடுப்பதைப் போலவே, பெரிதாக, வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொலையையாவது என் பேர்ல விட்டு வச்சிருக்கலாமே, பாவி!"