நடுத்தோணியின் பேட்டரி

"நீ இங்கயே நில்லு அமலி. நடுவுல நீ இல்லன்னா நான் பேசுறது மாமாவுக்குப் போகாது." சொல்லிவிட்டு அண்ணன் சேவியர் தன் தோணியைச் சுரபுன்னைக் காட்டுக்குள் தள்ளினான். வாய்க்கால் பிரியும் முனையில் அமலி தன் தோணியில் தனியாக நின்றாள்.

காலையில் நண்டு பிடிக்கப் போன அப்பா பிற்பகலாகியும் திரும்பவில்லை. அங்கே டவர் கிடையாது. எதிர்க்காற்றில் கூப்பிட்டாலும் கேட்காது. டவர் இல்லாமலே ஒரு போனிலிருந்து பக்கத்துப் போனுக்குச் செய்தியைத் தாவவிடும் செயலி ஒன்றுதான் துணை. முன்னால் அண்ணன், நடுவில் அவள், பின்னால் மோட்டார் படகோடு பவுல் மாமா. ஈரக் கையால் எழுத முடியாது என்பதால் எல்லாம் குரல் செய்திதான்.

"கேட்டுச்சா?" என்றான் அண்ணன்.

"கேட்டுச்சு," என்றார் மாமா.

தண்ணீரில் ஒருவர் குரல் கொடுத்தால் மற்றவர் பதில் கொடுத்தே ஆக வேண்டும். அவர்கள் பழக்கம் அப்படி. வளைவுக்கு வளைவு ஒரு கேட்டுச்சா, அதற்கொரு கேட்டுச்சு. அத்தனையும் அமலியின் போன் வழியாகவே போய்வந்தன. இடைவிடாமல் பக்கத்துப் போனைத் தேடிக்கொண்டே இருப்பதற்கே அதற்கு மூச்சு வாங்கும். அதன் தலையில் இந்தச் சுமை வேறு. அறுபதில் இருந்த பேட்டரி ஒன்பதுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்பா கிடைச்சா மட்டும் பேசுங்க. யாரும் பதில் சொல்லாதீங்க," என்று அனுப்பினாள்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு. ஐந்து. கடலேற்றத்தில் தண்ணீர் வேர்களுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று சதவீதத்தில் அண்ணனின் குரல் வந்தது.

"மூணாவது வாய்க்கால். அப்பா கால்மேல மரம் விழுந்து கெடக்கு. ரம்பத்தோட வாங்க மாமா. தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு."

போன் அணைந்தது. மாமாவுக்குப் போய்ச் சேர்ந்ததா? பதில் வராது, வேண்டாம் என்றவளே அவள்தான். மாமாவைத் தேடிப் போகலாமென்றால், அவர் வேறு பக்கமாக வந்து முனையில் ஆளில்லாமல் வழி தவறிவிட்டால்? அமலி கழியை ஊன்றிக்கொண்டு அங்கேயே அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. "மூணாவதுதானே?" என்று கத்தியபடியே மாமா வந்தார். அவள் கையை நீட்டி வழி காட்டினாள்.

பொழுது சாயுமுன் படகு திரும்பியது. அப்பாவின் காலில் துண்டைச் சுற்றியிருந்தார்கள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"அமலி..."

"கேட்டுச்சுப்பா," என்றாள் அவள். "கேட்டுச்சு, கேட்டுச்சு."