வெந்த ஆகாயத்தாமரை

“பொங்கல் கழிச்சி மண்ணு கொட்டி மூடிடறேன்” என்றார் அப்பா அய்யப்பன்.

அவர் மூடப்போவது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாண எரிவாயுத் தொட்டியை. இரண்டு மாடு இருந்தவரை அடுப்பு நீலமாக எரிந்தது. போன மாதம் ஒரு மாடு நோயில் செத்துப்போனது. மிச்சமிருக்கும் ஒரு மாட்டுச் சாணத்தில் டீ கூடக் கொதிக்கவில்லை. அம்மா மறுபடி விறகடுப்புக்கு வந்துவிட்டாள். புகையில் இருமி இருமிச் சமைத்தாள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் எழில்மதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“மூட வுடமாட்டேன். சாணம் கம்மின்னா வேற எதையாச்சும் போடலாம்.”

“இன்னாத்த போடுவ? உன் கணக்கு நோட்டையா?”

“ஏரி பூரா ஆகாயத்தாமரை கெடக்குதே, அத போடறேன்!”

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

அன்று மாலையே கரையில் நின்று துரட்டியால் செடிகளை இழுத்தாள். வெட்டித் தொட்டிக்குள் தள்ளினாள். செடி எல்லாம் மிதந்தது. மூன்றாம் நாள் குழாய் அடைத்துக்கொண்டது. அப்பா மூங்கில் கழியால் குத்த, சாணக் கரைசல் அவர் மூக்கிலேயே தெறித்தது.

“நல்லா போட்ட, போ!” என்றார் முகத்தைத் துடைத்தபடி.

எழில்மதி ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள். உள்ளே பஞ்சு பஞ்சாகக் காற்று. ‘இது மிதக்காமல் என்ன செய்யும்?’

தண்டைக் கையில் வைத்துக்கொண்டே, அம்மா வேலை செய்யும் வெல்ல ஆலைக்குப் போனாள். அங்கே கரும்பு கடிக்கும் மும்முரத்தில் அதை அடுப்புச் சுவர்மேல் வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது தண்டு வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தது. வாளித் தண்ணீரில் போட்டாள். முழுகிவிட்டது!

“அம்மா, வேக வெச்சி போடணும்!”

“விறகு எரிச்சி இத வேக வெக்கறதுக்கு, அந்த விறகுலயே சோறாக்கிடலாமே” என்றாள் அம்மா.

நியாயம்தான். எழில்மதி சுற்றிப் பார்த்தாள். அன்றைய வெல்லக் காய்ச்சல் முடிந்து கொப்பரையை இறக்கிவிட்டார்கள். அடுப்பு மட்டும் இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

ஆலைக்காரர் ராஜாங்கத்திடம் போய்க் கேட்டாள்.

“என் அடுப்புல நாத்தச் செடியா? போ, போ!”

“கொப்பரையில போடறேன்னு சொல்லலிங்க மாமா. சும்மா ஆறிக்கினு போற சூட்டதான கேக்கறேன்? பழைய டிரம்முல வெச்சிக்கறேன். சாம்பலையும் நானே அள்ளிடறேன்.”

ராஜாங்கம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு நாளு பாக்கறேன். நாத்தம் வந்துச்சி, டிரம்மு தெருவுல கெடக்கும்.”

“வரலன்னா தெனமும் வெப்பேங்க.”

நாற்றம் வரவில்லை. மாலைதோறும் அம்மா டிரம்மைத் தூக்கி அடுப்பில் வைத்தாள். காலையில், வெந்து கூழாகி ஆறிய செடியை எழில்மதி சாணத்தோடு கரைத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. “அடுப்புல தாமரை பூத்துச்சா?” என்று தெருவே கேலி செய்தது.

“பூக்கும், வந்து பாருங்க!” என்று கத்திவிட்டு, அன்றைக்கு ஒரு பங்கு கூடுதலாக ஊற்றினாள். இரண்டாம் வாரம் டீ கொதித்தது. அப்பா பார்த்துவிட்டு, “டீதான?” என்று போய்விட்டார்.

பொங்கல் முடிந்த ஞாயிறு. சொன்னதைச் செய்யும் அப்பா, மம்மட்டியோடு கொல்லைக்கு வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்ற எழில்மதி நகரவில்லை.

“அடுப்ப பாத்துட்டு வந்து மூடுப்பா.”

அப்பா உள்ளே போனார். நீலத் தீ வட்டமாக எரிந்தது. குழாயை மூடினார், திறந்தார், பற்றவைத்தார். மறுபடி எரிந்தது.

“எரியுது, சரி. சோறு வேவுமா?”

“சோறு எப்பவோ வடிச்சாச்சி. இது கொழம்பு” என்றாள் அம்மா. அவள் இருமவே இல்லை.

பிறகு அப்பாவின் கையிலிருந்த மம்மட்டியை வாங்கி மூலையில் சாய்த்தாள். ஒரு பெரிய கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஏரிக்கு போயி தாமரை அள்ளிக்கினு வா. புள்ள படிக்கணும்.”